புதுக் கணினிக்குப் பழைய சட்டை

சென்ற மாதம் சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மீனை வெட்டச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தபோது ஷர்மிளா அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள். அலுவலகக் கணினிகள் எல்லாம் இன்னொரு புதிய விண்டோஸுக்கு மாறிவிட்டனவாம்.

“மல்லிகாக்கா, ஸ்டார்ட் பட்டன் நடுவுல போயிடுச்சு. அக்கவுண்ட்ஸ்ல எல்லாரும் இன்னும் மூலையிலதான் கிளிக் பண்றாங்க. ஒண்ணும் வரலன்னா என்னைத் திட்றாங்க. பழைய மாதிரி ஆக்கிக் குடுன்னு ஒரே தொல்லை லா. நீங்க முன்னாடி ஏதோ பண்ணீங்களாமே?”

பட்டனை இடது பக்கம் தள்ள செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனை வைத்தேன். ஆனால் அந்த ‘ஏதோ பண்ணீங்களாமே’ மட்டும் மனதில் தைத்துக்கொண்டே இருந்தது. ஒரு ஆயுள் முழுக்க வேலை பார்த்தவளை அலுவலகம் இப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறது. என்ன பண்ணினேன் என்று நானே எழுதிவிடுவதுதான் நல்லது. இதில் உண்மை தெரியாமலே இருந்த ஒருவர் போன ஆண்டு காலமாகிவிட்டதால் இப்போது சொல்வதற்குத் தடையும் இல்லை.

நான் மின்னியல் படித்தவள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கற்றுக்கொடுத்ததில் பாதி, நான் வேலைக்குச் சேர்வதற்குள் வழக்கொழிந்துவிட்டது. மீதிப் பாதி சேர்ந்த பிறகு ஒழிந்தது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மேல்தளங்களில் எங்கள் கம்பெனி இருந்தது. அரிசி, பருப்பு, மிளகாய் வற்றல் இறக்குமதி. லிஃப்ட் கிடையாது. அந்தக் காலத்துக் கணினித் திரைகளைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்துக்கொண்டு படியேறியதுதான் என் பயிற்சிக் காலம்.

கணினிப் பிரிவு என்பது இரண்டு பேர். நான் ஒருத்தி, என் மேலதிகாரி தனபாலன் இன்னொருவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு நல்ல பேனா வைத்திருப்பார். அது வெளியே வந்து நான் பார்த்ததில்லை. எதையும் எழுத்தில் தரக்கூடாது என்பது அவருடைய கொள்கை. வேலை சொல்ல வேண்டுமென்றால் என் மேசைக்கு வருவார். கண்ணாடியைக் கழற்றி டையின் நுனியால் துடைப்பார். கூரையைப் பார்த்தபடி, வேறு ஏதோ நாட்டில் நடந்த செய்தியைச் சொல்வதுபோல, செய்ய வேண்டியதைச் சொல்வார். முடிவில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு “நான் ஒண்ணும் சொல்லல” என்பார். காரியம் நன்றாக நடந்தால் அது “நம்ம டிபார்ட்மென்ட் செஞ்சது.” நடக்காவிட்டால் “மல்லிகா ஏதோ பண்ணாங்க.” ஷர்மிளாவின் ‘ஏதோ’ எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

முதலில் முதலாளியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் அவர் பக்கத்துத் தெருவில் நண்பரின் நகைக்கடைக்குப் போய்விட்டு முகம் வாடித் திரும்பினார்.

“அவன் ஸ்க்ரீன் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. நம்மளுது வெள்ளையடிக்காத சுவரு மாதிரி இருக்கு. அந்த மாதிரி மாத்துங்க. ஆனா என் கம்ப்யூட்டரை எடுத்துட்டுப் போகக்கூடாது. என் போட்டோ, என் சீட்டாட்டம் எல்லாம் அதுலதான் இருக்கு.”

அவருடைய கணினி மிகவும் பழையது. புதிய விண்டோஸைப் போட்டால் மூச்சே நின்றுவிடும். தனபாலன் என் மேசைக்கு வந்து கண்ணாடியைத் துடைத்தார்.

“மேல ஒரு சட்டையை மாத்திப் போட்டா உள்ள இருக்கிறது யாருக்குத் தெரியப்போவுது. சில ஊர்ல அப்படித்தான் பண்றாங்களாம். நான் ஒண்ணும் சொல்லல.”

பண்ணினேன். பழைய விண்டோஸின் மேல் புதியதன் தோற்றத்தை மட்டும் போர்த்தும் இலவச மென்பொருள்கள் அப்போது நிறையக் கிடைத்தன. போர்த்திய பிறகு அந்தக் கிழட்டுக் கணினி இன்னும் மெதுவாகிவிட்டது. முதலாளி திரையில் இரண்டு சன்னல்களைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, “ஆங், இப்பதான் ஸ்பீடா இருக்கு” என்றார். கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லித்தராத பாடம் அது. அதன்பிறகு உலகத்தில் எப்போது புதுத் தோற்றம் வந்தாலும் அவர் கணினிக்கு மட்டும் அதே மாதிரி ஒரு சட்டை தைத்துப் போடுவது என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கண்ணாடிப் பளபளப்பு போய்த் தட்டையான வெள்ளைத் தோற்றம் வந்தபோது தட்டைச் சட்டை போட்டுவிட்டேன்.

பிறகு எங்களை நகரத்தில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் ஒரு பெரிய குழுமம் வாங்கிக்கொண்டது. முதலாளிக்கு ஆலோசகர் என்று பெயரும் அதே அறையும் மிஞ்சின. எங்களுக்கெல்லாம் உண்மையிலேயே புதுக் கணினிகள் வந்தன, புது விண்டோஸோடு. முதலாளியின் அறைக்கு மட்டும் ஒன்றும் போகவில்லை. “அந்த ரூம் பக்கம் போகாம இருந்தா நல்லது” என்று கூரையைப் பார்த்துச் சொன்னார் தனபாலன். அதையும் அவர் சொல்லவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

புதுக் கணினி வந்த வாரம் முழுக்கப் புலம்பல்தான். கண் கூசுகிறது, மெதுவாக இருக்கிறது, பிரிண்ட் எங்கே போனது. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். ஒருவர் மட்டும் வாயே திறக்கவில்லை. அவர்தான் நூர்தீன் அண்ணன்.

துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு கொள்கலனுக்கும் இறக்குமதி அனுமதி எடுப்பது அவர் வேலை. ஓய்வு வயதைத் தாண்டிவிட்டார். கம்பெனி வருஷா வருஷம் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டிருந்தது. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தோ பாயோவில் இருக்கும் வீட்டின் கதவைத் திறந்தால் உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வராது, அதனால்தான் மெதுவாக நடந்து போகிறேன் என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழுமம் வந்ததும் ஒரு விதி கொண்டுவந்தது: புது சிஸ்டத்துக்கு மாறாதவர்களுக்கு அடுத்த ஆண்டு ஒப்பந்தம் கிடையாது.

தீபாவளிக்கு முன்னால், கடைக்காரர்கள் எல்லாரும் சரக்குக்குப் பறந்துகொண்டிருந்த நேரத்தில், எங்கள் மிளகாய் வற்றல் கொள்கலன் துறைமுகத்தில் நின்றுவிட்டது. அதற்கான அனுமதியில் அரிசியின் விவரம் இருந்தது. மறுநாள் அரிசியின் அனுமதியில் பருப்பு. இரண்டும் நூர்தீன் அண்ணன் கையிலிருந்து போனவை. இத்தனை காலத்தில் அவர் இப்படித் தவறு செய்து யாரும் பார்த்ததில்லை. புது சிஸ்டம் அவருக்கு வராது என்று எச்.ஆரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறை தட்டச்சு செய்யும் முன்பும் அவர் தலையை ஒருபுறமாகச் சாய்த்துத் திரையைப் பார்த்தார்.

“அண்ணே, இதுல எந்த விண்டோ முன்னாடி இருக்குன்னு தெரியுதா?”

“எல்லாம் ஒரே வெள்ளையா இருக்கு மல்லிகா. பழசுல மேல ஒரு நீலப் பட்டை இருக்கும்ல, அதைப் பார்த்துத்தான் அடிப்பேன். இதுல ஒண்ணு எங்க முடியுது, இன்னொண்ணு எங்க ஆரம்பிக்குதுன்னே புரியல.”

“கண்ணை டாக்டர்கிட்ட காட்டினீங்களா?”

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“காட்டியாச்சு. சொட்டு மருந்து போடறேன். ஆனா கண்ணுன்னு ஒரு வார்த்தை இங்க யார் காதுலயாவது விழுந்தா நான் வீட்டுல உட்கார வேண்டியதுதான். நீ எதுவும் கேக்கல, நான் எதுவும் சொல்லல.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் இல்லை. சன்னலுக்கு விளிம்பு தேவையில்லை என்று எங்கேயோ உட்கார்ந்து முடிவு செய்த ஆள் மேல். அந்த ஆளுக்கு நிச்சயம் இளம் வயதாக இருக்கும். கண்ணும் நன்றாக இருந்திருக்கும்.

பழைய விண்டோஸில் சாம்பல் நிறத் தோற்றம் ஒன்று இருந்தது. அழகென்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் முன்னால் இருக்கும் சன்னலுக்குக் கருநீலப் பட்டை, பின்னால் இருப்பவற்றுக்குச் சாம்பல் பட்டை, சுற்றிலும் தடித்த விளிம்பு. பொத்தான்கள் மேல்பக்கம் வெளிச்சமும் கீழ்ப்பக்கம் நிழலுமாகப் புடைத்து நிற்கும். புது விண்டோஸில் அந்தத் தோற்றத்தை அடியோடு எடுத்துவிட்டார்கள். ஆகவே அதை நான் கையால் செய்ய வேண்டியிருந்தது.

கண் பார்வை குறைந்தவர்களுக்கென்று விண்டோஸிலேயே ஒரு தோற்றம் உண்டு. முதலில் அதை எடுத்து, கறுப்பைச் சாம்பலாக்கி, பட்டைக்கு நீலம் பூசினேன். பார்த்தால் அச்சாகப் பழசு. எனக்கே பெருமையாக இருந்தது. பிறகுதான் ஒன்று தெரிந்தது. அந்தத் தோற்றம் இணையப் பக்கங்களின் பின்னணி நிறங்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். அனுமதிப் பக்கத்தில் தவறு இருந்தால் பெட்டி சிவப்பாகும். இப்போது அந்தச் சிவப்பே வரவில்லை. விளிம்பைக் கொடுக்கப்போய் எச்சரிக்கையைப் பிடுங்கிவிட்டேன். எல்லாவற்றையும் கலைத்தேன்.

இரண்டாவது வழி கொஞ்சம் முரட்டு வழி. விண்டோஸின் ஒரு உட்கோப்பைத் திருத்தினால்தான் வெளியார் செய்த தோற்றத்தை அது ஏற்கும். அப்படித் திருத்தி, நானே வரைந்த தோற்றத்தைப் போட்டேன். சிவப்பு சிவப்பாகவே இருந்தது, நீலப் பட்டையும் வந்தது. ஒரே சிக்கல், மாதாமாதம் வரும் அப்டேட் அந்தத் திருத்தத்தை அழித்துவிடும். கட்டிவிட்ட வேட்டியை உருவிவிட்டுப் போவதுபோல. ஆகவே அவர் கணினிக்கு மட்டும் அப்டேட் வெள்ளிக்கிழமை மதியம் வரும்படி வைத்தேன். அண்ணன் ஜும்ஆ தொழுகைக்குப் போய்த் திரும்புவதற்குள் நான் மறுபடி வேட்டியைக் கட்டிவிடுவேன்.

முதல் வெள்ளிக்கிழமை அவர் தொப்பியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். திரையைப் பார்த்தார். தலை சாயவில்லை.

“பழசையே திருப்பிப் போட்டுட்டியாம்மா?”

இல்லை அண்ணே, இது புதுசுதான், சட்டை மட்டும்தான் பழசு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்தேன். “சரி பண்ணிட்டேன் அண்ணே” என்றேன். தனபாலனின் வியாதி எனக்கும் தொற்றியிருந்தது.

அதன்பிறகு கொள்கலன் எதுவும் தவறான பெயரில் நிற்கவில்லை. ஆனால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அவருக்கு மட்டும் சலுகையா என்று அக்கவுண்ட்ஸில் ஆரம்பித்து ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்களிடம் அது வெறும் சட்டை என்று சொல்லித்தான் போட்டேன். மூலையில் உட்கார்ந்து பெர்மிட் போடும் அண்ணனிடம் போய் அதை விளக்க யாருக்கும் தோன்றவில்லை. கொஞ்ச நாளில் தளம் முழுக்கச் சாம்பல். புலம்பல் நின்றது. மெதுவாக இருக்கிறது என்றவர்களே இப்போது பரவாயில்லை என்றார்கள். சிறு தடங்கல்கூட இல்லாமல் மாறிய கிளை என்று தலைமையகத்திலிருந்து தனபாலனுக்குப் பாராட்டு வந்தது. நம் டிபார்ட்மென்ட் செய்தது.

பாராட்டுக்குப் பின்னால் தணிக்கை வந்தது. எங்கள் கணினிகள் தலைமையகத்தின் வலைப்பின்னலில் இன்னும் சேராததால், மாறிவிட்டோமா என்று நேரில் பார்க்க மிஸ் கோ என்ற அதிகாரியை அனுப்பினார்கள். அமைதியான பெண்மணி. யாரையும் மிரட்டமாட்டார், யார் சொல்வதையும் நம்பவும்மாட்டார். அவர் வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான்.

வாசலில் நின்று ஒருமுறை தளத்தைச் சுற்றிப் பார்த்தார். திரைக்குத் திரை சாம்பலும் நீலமும். அவர் புருவம் உயர்ந்தது. “இங்க ஒண்ணுமே மாறலையே” என்று ஆங்கிலத்தில் சொன்னார். தனபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நான் விளக்க வந்தேன். முதலில் பார்த்து முடிக்கிறேன் என்று மிஸ் கோ மரியாதையாகக் கையைக் காட்டினார்.

தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நூர்தீன் அண்ணன், விருந்தாளி வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றார். அத்தோடு நின்றிருக்கலாம்.

“என்னுது பழசுதான் லா, மேடம். புதுசு எனக்கு ஒத்து வராது. கம்பெனி பெரிய மனசு பண்ணி விட்டு வெச்சிருக்காங்க” என்று அவரும் ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு சொன்னார்.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் அது. தன் வேலைக்குத் தானே முடிவுரை எழுதிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் படியிறங்கிப் போனார் மனிதர். மிஸ் கோ அவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

தேநீருக்கு முதலாளியின் அறைக்குப் போனோம். அங்கே போய்விடக்கூடாதே என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன். முதலாளி தன் திரையைப் பெருமையாகத் திருப்பிக் காட்டினார். தட்டையாக, வெள்ளையாக, அன்று காலை பிறந்ததுபோல் இருந்தது. மிஸ் கோவின் முகம் முதல்முறையாக மலர்ந்தது.

“இந்தத் தளத்துல ஒழுங்கா மாத்தியிருக்கிறது இது ஒண்ணுதான்” என்றார்.

“ஸ்பீடு பாருங்க” என்றார் முதலாளி.

தனபாலன் மெல்ல மூச்சு விட்டார். அவரைப் பொறுத்தவரை ஆபத்து நீங்கிவிட்டது. கிளை மாறவில்லை என்றால் பழியை என் பக்கம் தள்ளிவிடலாம். இந்த அறையின் ரகசியம் வெளியே வந்தால் அவரும் தப்ப முடியாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் வேலைக்கும் பெரிய கேடு வந்திராது. வீட்டுக்குப் போகப்போவது நூர்தீன் அண்ணன் மட்டும்தான். சத்தமில்லாத அந்த வீடு நினைவுக்கு வந்தது.

“மேடம், நீங்க பாஸ் பண்ணது ஒண்ணுதான் இங்க உண்மையிலேயே பழசு” என்றேன்.

தேநீர்க் கோப்பை மேசைக்குத் திரும்பியது. கணினியின் உண்மையான வயதைக் கேட்க ஒரு சின்னக் கட்டளை இருக்கிறது. அதை நான் தட்டவில்லை. அவரையே தட்டச் சொன்னேன். பளபளப்பான வெள்ளைத் திரையின் நடுவே, எப்போதோ செத்துப்போன ஒரு விண்டோஸின் பெயர் எட்டிப் பார்த்தது. பிறகு அவரை நூர்தீன் அண்ணனின் காலி நாற்காலிக்கு அழைத்துப்போய் அங்கேயும் அதே கட்டளையைத் தட்டச் சொன்னேன். சாம்பல் பெட்டிக்குள் புத்தம் புது விண்டோஸ்.

மிஸ் கோ அந்த நீலப் பட்டையை விரலால் தொட்டார்.

“அப்ப காலையிலேர்ந்து நான் சட்டையைத்தான் தணிக்கை பண்ணிட்டிருந்தேன்.”

“நாங்களும் சட்டையைத்தான் காட்டிட்டிருந்தோம், மேடம்.”

“எதுக்கு இப்படிப் போட்டீங்க?”

“வேலை செய்றவங்க கண்ணுக்கு விளிம்பு தெரியணும். அவ்வளவுதான்.”

அவர் மேசையைப் பார்த்தார். கீபோர்டுக்குப் பக்கத்தில் சின்னச் சொட்டு மருந்துப் புட்டி ஒன்று இருந்தது. அண்ணன் அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருந்தார். மிஸ் கோ அதை எடுத்துத் திரைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்தார். நிறம் என்ன என்பது என் வேலையில் இல்லை, விண்டோஸ் புதுசா என்பதுதான் கேள்வி, புதுசுதான் என்று சொல்லி நோட்டை மூடினார். உட்கோப்பைத் திருத்தியதற்கு மட்டும் எனக்கு நல்ல திட்டு கிடைத்தது. பிற்பாடு தலைமையகத்து ஆட்களே அதற்கு முறையான வழி ஒன்றைச் செய்து தந்தார்கள்.

முதலாளிதான் பாவம். “அப்ப என்னுதுதான் பழசா? ஊரெல்லாம் சொல்லிட்டேனேம்மா” என்றார். அடுத்த வாரமே அவருக்கு நிஜமான புதுக் கணினி வைத்தோம். இரண்டு நாள் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு, “இது கொஞ்சம் மெதுவா இருக்கே” என்றார். தனபாலன் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமலே இருந்தது அந்த மாதம் மட்டும்தான்.

நூர்தீன் அண்ணனின் ஒப்பந்தம் அந்த ஆண்டு நீண்டது. அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும். பிறகு அவராகவே போதும் என்றார். பிரிவு உபசாரத்துக்கு மீட்டிங் ரூமில் பிரியாணி வைத்தோம். பேசச் சொன்னதும் எழுந்து நின்றார்.

“எல்லாரும் புது சிஸ்டத்துக்குப் போனாங்க. நான் போகல. இந்த வயசுல என்னால கத்துக்க முடியாதுன்னு கம்பெனிக்குத் தெரியும். தெரிஞ்சும், எனக்காகப் பழசைக் கடைசி நாள் வரைக்கும் விட்டு வெச்சாங்க. அந்த நன்றியை நான் மறக்க மாட்டேன்.”

எல்லாரும் கைதட்டினார்கள். அக்கவுண்ட்ஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புது சிஸ்டத்தில் எங்கள் கிளையிலேயே குறைவாகத் தவறு செய்தவர் நின்றுகொண்டு, தனக்கு அது வராது என்று நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். தனபாலனின் உதடு அசைந்தது. மனிதர் எங்கே உண்மையை உடைத்துவிடுவாரோ என்று நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, டையின் நுனியால் நிதானமாகத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

“நான் ஒண்ணும் சொல்லல” என்றார்.

அந்த வார்த்தைக்காக வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு நன்றி சொன்னேன்.